சாவி போட்டா பூட்டுன்னு அர்த்தமில்ல மாப்ள

டேய் மாப்ள,

ஏழு மாசமா ஒரு வார்த்தை இல்ல, இப்ப மட்டும் என்ன இவ்ளோ நீட்டமா எழுதுறான்னு நெனைப்ப. திட்டுறதுன்னா மொதல்ல திட்டி முடிச்சிரு. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன்னு மொட்டை சொன்னான், போன் பண்ணல, தப்புதான். பாப்பா பரீட்சையெல்லாம் நல்லா எழுதுனாளா? இங்க எல்லாரும் சௌக்கியம், எனக்கு சுகர் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு, அவ்ளோதான். விஷயத்துக்கு வர்றேன், உன்ன விட்டா இத சொல்றதுக்கு எனக்கு ஆளே இல்ல, டேட்டாபேஸ் கீ பத்தின கூத்து, வீட்ல சொன்னா "கீ-ன்னா வண்டிச் சாவியா"ங்கிறாங்க.

திருப்பூர் நூல் கடைக்கு நாங்க பண்ணிக் குடுத்தோமே ஒரு பர்ச்சேஸ் சாஃப்ட்வேர், "இதுக்கு எதுக்குடா டேட்டாபேஸ், நாப்பது பக்க நோட்டு போதும்"னு நீ கூட ஓட்டுனியே, அதான். அதுல பில் டேபிள் நான் போட்டது. 2017 ஜூன், ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வருதுன்னு ஊரே பதறிட்டிருந்த நேரம், மூணு ராத்திரி ஆபீஸ்லயே படுத்து எழுதினது. பார்ட்டி, பில் நம்பர், நிதியாண்டு, இந்த மூணும் சேர்ந்து ரெண்டு தடவ வரக்கூடாதுன்னு ஒரு கூட்டு யுனிக் கீ. அதுக்கு என்ன பேரு வச்சேன் தெரியுமா? யுகே1. லண்டன் போற பிளைட் மாதிரி.

இப்ப புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். நல்ல பையன், ஆனா கை துறுதுறுன்னு இருக்கும், நம்ம கண்ணாடி செகண்ட் இயர்ல இருந்த மாதிரி. போன மாசம் ஒரு நாள் அவன் அந்த டேபிள்ல என்னென்ன ஃபீல்டு இருக்குன்னு காட்டுற டிஸ்கிரைப் கமாண்டப் போட்டுப் பாத்திருக்கான். எங்க டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், அது என்ன காட்டும்னு உனக்கே தெரியும். ஐடிக்கு, அதான் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பில்லுக்கும் தனக்காக வச்சிக்கிற நம்பர், அதுக்கு நேரா ப்ரி, அதாவது பிரைமரி கீ. பார்ட்டிக்கு நேரா முல். பில் நம்பருக்கு நேரா ஒண்ணுமில்ல, நிதியாண்டுக்கும் ஒண்ணுமில்ல. கூட்டு யுனிக்கா இருந்தா மொத ஃபீல்டுக்கு மட்டும் முல்னு போட்டுட்டு மத்தத அனாதையா விட்டுரும்ல. முல்னா ஒரே மதிப்பு பல தடவ வரலாம்னு அர்த்தம். தனித்தனியா பாத்தா பொய்யில்ல, ஒரே பார்ட்டி நூறு பில் குடுப்பான்தான், ஆனா அதப் பாத்து இங்க ஒரு யுனிக் இருக்குன்னு எவனுக்குடா தோணும்? டேபிளோட முழு அமைப்பையும் காட்டுற ஷோ கிரியேட் டேபிள் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். போட்டாலும் யுகே1னுதான் இருந்திருக்கும்.

சீனியர், அதான் நான், யுனிக் போடாம தூங்கிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு சாயங்காலம் ஏழு மணிக்கு பில் நம்பருக்கு மட்டும் தனியா ஒரு யுனிக் போட்டிருக்கான். டூப்ளிகேட் என்ட்ரி 101னு கத்தியிருக்கு. அதோட எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருந்தா பரவால்ல. டூப்ளிகேட்டுன்னு மெஷினே சொல்லுதேன்னு குரூப் பை போட்டு ஒரே நம்பர் பில்லையெல்லாம் ஒண்ணா சேத்து, ஒவ்வொரு நம்பர்லயும் சின்ன ஐடிய மட்டும் வச்சிட்டு மீதியெல்லாம் டெலீட். லைவ்ல, கடையில ஓடிட்டிருக்கிற நெஜ டேட்டாவுலயே. 1,840 பில்லுடா. பில்லுக்குக் கீழ இருக்கிற ஐட்டம் டேபிள்ல ஃபாரின் கீ-ல ஆன் டெலீட் கேஸ்கேட், அதாவது பில்ல அழிச்சா ஐட்டமும் தானா அழியும்ங்கிற விதி, இருந்துச்சு, அதுவும் நம்ம கைங்கரியம்தான், ஐட்டமெல்லாம் பில்லோட சேந்து உடன்கட்டை ஏறிருச்சு. லைவ் பாஸ்வேர்டு அவனுக்குக் குடுத்தது யாருன்னு நீ கேக்காத.

101ங்கிற நம்பர் எத்தன பேர்கிட்ட இருக்கும்னு யோசி. ஜி.எஸ்.டி. விதி 46 என்ன சொல்லுதுன்னா, பில் நம்பர் 16 எழுத்துக்குள்ள, வரிசையா, ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வராம இருக்கணும், அதுவும் அந்தந்த வியாபாரிக்கு. ஈரோட்டு மில்லுக்கும் ஒரு 101, ராஜபாளையத்து மில்லுக்கும் ஒரு 101, அதே மில்லுக்கு போன ஏப்ரலுக்கு முன்னாடியும் ஒரு 101. நான் அந்த விதியப் பாத்துத்தான் கீ போட்டேன், ஆனா அது என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு.

முந்தின ராத்திரி பேக்கப் இருந்ததால பொழச்சோம். மறுநாள் மீட்டிங்ல பையன வறுத்தெடுத்தாங்க. நான் பாட்டில் மூடிய திருகித் திருகித் தொறந்துட்டு உக்காந்திருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம்தான் இது என் தப்பும்னு வாயத் தொறந்தேன், அதுவும் "என் தப்பும்", "என் தப்பு" இல்ல பாரு, அந்த 'உம்' இன்னும் உறுத்துது. மெஸ்ல தட்டு உடைஞ்சப்ப நீ எனக்காக வார்டன்கிட்ட போய் நின்ன ஞாபகம் வந்து தொலைச்சிருச்சு.

இனிமேதான்டா மெயின் மேட்டர். அன்னிக்குப் பகல்ல ஏத்துன 37 பில் பேக்கப்ல இல்ல, பேப்பரப் பாத்து மறுபடி ஏத்த நானே திருப்பூர் போனேன். அங்க அக்கவுண்ட்ஸ் அக்கா ஒருத்தங்க, இருவது வருஷமா அந்தக் கடையிலயே இருக்காங்க. எங்க சாஃப்ட்வேர்ல டேபிள் விவரம்னு ஒரு ஸ்கிரீன் உண்டு, ரிப்போர்ட் எடுக்குறவங்க எந்த ஃபீல்டுல என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு. எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கணும்னு முதலாளி சொன்னாருன்னு டிஸ்கிரைப் குடுத்தத அப்படியே தமிழ் எழுத்துல போட்டு, கீ இருக்கிற எடத்துலெல்லாம் அழகா ஒரு சாவிப் படமும் வச்சிருந்தேன். அக்கா அதக் காட்டி சொல்றாங்க, "இதுல சாவி போட்டிருக்குதுங்களே தம்பி, பூட்டி வச்சிருக்கீங்கன்னு நானும் இத்தன வருசமா தொடாமயே இருந்தனுங்க." ஒரு தடவ பாஸ்வேர்டு கேட்டு முதலாளிகிட்ட போயிருக்காங்க. அவருக்கும் தெரியல, ஆபீஸ்காரங்க ரகசியமா வச்சிருப்பாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாராம். அப்புறம் முல்ல தொட்டுக் காட்டி "இந்த முள்ளு எதுக்குங்க?"

சிரிச்சிட்டேன்டா, ஆனா பஸ்ல திரும்பி வரும்போது சிரிப்பு வரல. பையனுக்குக் குத்துனதும் அதே முள்ளுதான்.

அன்னிக்கு ராத்திரியே சாவிப் படத்தத் தூக்கிட்டேன். கீங்கிற வார்த்தையே வேண்டாம்னு வச்சேன். அந்த வார்த்தையே ஒரு வில்லங்கம், மைஎஸ்க்யூஎல்ல சும்மா கீன்னு எழுதினா இன்டெக்ஸ்னு அர்த்தம், பிரைமரி கீயும் கீ, ஃபாரின் கீயும் கீ, ஒண்ணு தேடுறதுக்கு, ஒண்ணு அடையாளத்துக்கு, ஒண்ணு இன்னொரு டேபிள நம்பி நிக்கிறதுக்கு, மூணுக்கும் ஒரே பேரு வச்சவன் யாரோ. தமிழ்ல போடலாம்னா திறவுகோல்னு போட்டா பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கு, விசைன்னா கீபோர்டு ஞாபகம் வருது, சாவின்னா அக்கா பூட்டத் தேடுவாங்க. அதனால வாக்கியமாவே எழுதிட்டேன்: "ஒரு பார்ட்டியோட ஒரு பில் நம்பர் ஒரு நிதியாண்டுல ஒரு தடவதான் வரும். வேற பார்ட்டிகிட்ட அதே நம்பர் இருக்கலாம், தப்பில்ல." ஐடிக்கு, "இது கம்ப்யூட்டர் தனக்காக வச்சிக்கிற நம்பர், உங்க பில்லுல தேடாதீங்க." ஐட்டம் டேபிள்ல, "பில்ல அழிச்சா இதுவும் அழியும்."

அடுத்த வாரம் போய் அக்காகிட்ட மொத வாக்கியத்தப் படிச்சுக் காட்டுனேன். ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, "அப்ப இது தப்புங்களே தம்பி"ன்னாங்க. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. விஷயம் என்னன்னா, சரக்கு திரும்பினா தொகையக் கொறச்சு மில்லுக்காரன் குடுக்குற கிரெடிட் நோட்டு தனி வரிசை, அதுலயும் 101 வரும், அதே பார்ட்டி, அதே வருஷம். நாங்க ரெண்டையும் ஒரே டேபிள்லதான் வச்சிருக்கோம். அப்ப இத்தன வருஷமா என்ன பண்ணுனீங்கன்னு கேட்டா, நம்பருக்குப் பின்னாடி ஒரு புள்ளி வச்சு ஏத்திடுவாங்களாம். ஏத்துக்குதுங்களே, அப்புறம் என்னங்கன்னு கேக்குறாங்க! எட்டு வருஷம்டா! தேடிப் பாத்தேன், 212 புள்ளி.

நாலு ஃபீல்டு இருக்க வேண்டிய எடத்துல நான் மூணு போட்டிருக்கேன், எந்த ரிவ்யூலயும் எவனும் கண்டுபிடிக்கல, எஸ்க்யூஎல் தெரிஞ்ச ஒருத்தனும் கண்டுபிடிக்கல, ஒரு வாக்கியமா எழுதிக் காட்டுனதும் அக்கா அரை நிமிஷத்துல பிடிச்சிட்டாங்க. இத நெனச்சா இன்னும் எனக்கு ஆறல. டேபிள் டெஃபனிஷன் டெவலப்பருக்கு மட்டும்னு நம்ம லேப் சார்ல இருந்து எல்லாரும் சொல்லிக் குடுத்துட்டாங்க. "காட்னா சாமி இல்லடா, ஆள் பேரு"ன்னு வருஷா வருஷம் அதே ஜோக்க அடிப்பாரே, டேட்டாபேஸுக்கு இந்த டேபிள் முறையக் கொண்டுவந்த அந்த எட்கர் காட் 1970-ல எழுதின கட்டுரையில, ஒரே ஃபீல்டா இருந்தாலும் பல ஃபீல்டு சேர்ந்தாலும் அடையாளம் காட்டுனா அது பிரைமரி கீதான்னு தெளிவா இருக்கு. டிஸ்கிரைப் என்னடான்னா இன்னும் சேர்ந்திருக்கிறதப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டிட்டிருக்கு.

இப்ப நாலாவதா, பில்லா கிரெடிட் நோட்டாங்கிற வகையும் சேத்தாச்சு. யுகே1 செத்துச்சு. புதுப் பேரு தமிழ்லயே, ஒரு_பார்ட்டி_ஒரு_வருஷம்_ஒரு_வகை_ஒரு_பில். மைஎஸ்க்யூஎல் மறுபேச்சில்லாம ஏத்துக்கிச்சு, 64 எழுத்துக்குள்ள இருந்தா போதும். டூப்ளிகேட்னு எரர் வந்தா அதுலயே இந்தப் பேரு வருது, அக்காவே படிச்சிக்கிறாங்க. எங்க சர்வர் பாக்குறவன் டெர்மினல்ல மட்டும் கட்டம் கட்டமா தெரியுதாம், தினமும் என்னத் திட்டுறான். அவனுக்காக இன்டெக்ஸ் கமென்ட்லயும் விளக்கம் எழுதி வச்சிட்டேன்.

பார்ட்டி டேபிள்லயும் ஒரு கூத்து. ஜி.எஸ்.டி. நம்பருக்கு யுனிக், பதிவு இல்லாதவங்களுக்கு நல், அதாவது மதிப்பே இல்லங்கிற குறி, விடணும், நல் எத்தன வந்தாலும் யுனிக் கண்டுக்காது. எங்க ஸ்கிரீன் நல்லுக்குப் பதிலா வெறும் காலி எழுத்த அனுப்பியிருக்கு, அதனால நம்பர் இல்லாத மொத ஆள் உள்ள போயிட்டார், ரெண்டாவது ஆளுக்கு டூப்ளிகேட். அந்த மொத ஆளு நூல் சுத்துற கோன் அட்டை விக்கிறவர். பதிவு இல்லாத எல்லார் பில்லையும் அவர் பேர்லயே ஏத்தி வச்சிருக்காங்க, அவர் பெரிய கோடீஸ்வரரா நிக்கிறார் ரிப்போர்ட்ல. இதப் பையன்தான் கண்டுபிடிச்சான். சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்காம ஸ்கிரீனப் பாத்தே சொன்னான்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், நீ டேட்டாபேஸ் பாத்துக்கிற பெரிய டிபிஏ-ங்கிறதால. அந்த ஐடிய ஸ்கிரீன்ல இருந்தே மறைச்சிரலாமா? அக்கா போன்ல கூப்புட்டு கம்ப்ளைன்ட் சொல்லும்போது ஐடி இருந்தா எனக்கு வசதி, அவங்களுக்கு அது வெறும் குப்பை. நாலு நாளா மறைக்கிறேன், காட்டுறேன், மறைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை கூப்புடு, பத்து மணிக்கு மேல. மொட்டை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வர்றியா இல்லையான்னு அன்னிக்கே சொல்லிரு, கார்ல ஒரு சீட்டுதான் இருக்கு, கண்ணாடி வேற கேட்டிருக்கான். அப்பாகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு. இல்ல, சொல்லாத, நானே பேசுறேன்.

இப்படிக்கு,
தட்டு உடைச்சவன்