சாலையில் அடிபட்டு இறக்கும் பறவைகளை மரபணுச் சோதனையால் இனங்காணக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்.

அனுப்புநர்: அடிவாரக் கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

பார்வை: சென்ற ஆடியிலும் தையிலும் நேரில் அளித்த எனது மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சோதனைச் சாவடியிலிருந்து ஓடைப் பாலம் வரையிலான சாலையைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கள் வாகனமும் அவ்வழியாகத்தான் செல்கிறது. அங்கே அடிபட்டுச் சாகும் பறவைகள் குறித்து அளித்த இரண்டு மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறொன்றும் வராததால், பின்வருவனவற்றை மீண்டும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

1. பாலத்திற்கு முந்தைய வளைவில் வேகத்தடை கேட்டபோது, எந்த இனம் எத்தனை இறந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. கேட்டது நியாயமே.

2. ஆனால் சாவடிப் பதிவேட்டில் இருப்பதெல்லாம் "அடையாளம் தெரியாத பறவை" என்ற ஒரே வரிதான். இரவில் சூடு தணியாத தார்ச்சாலையில் வந்து அமரும் பக்கிகள் என்னும் இரவுப் பறவைகள், வண்டிகளின் முகப்பு விளக்கில் கண் கூசி அசையாமல் இருந்துவிடுகின்றன. விடிவதற்குள் லாரிகள் ஏறிப் போனபின் மிஞ்சுவது தாரோடு ஒட்டிய சில இறகுகளே. சின்னப் பக்கி, காட்டுப் பக்கி என்று பல வகை இருக்க, உயிரோடு இருக்கும்போதே அவற்றைப் பெரும்பாலும் குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். செத்த பறவை கூவிக் காட்டாது, ஐயா.

3. இதற்கு வழி இருக்கிறது. இறகின் அடிக்காம்பிலோ சோற்றுப்பருக்கை அளவுத் தசையிலோ உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் உயிரணு உறுப்பின் மரபணு ஒன்றில் ஏறத்தாழ 650 டி.என்.ஏ. எழுத்து நீளப் பகுதியைப் படித்து, அறியப்பட்ட இனங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டால், மிக நெருங்கிய சில இனங்கள் நீங்கலாகப் பறவையின் பெயர் தெரிந்துவிடும். கனடாவின் பால் ஹீபர்ட் குழுவினர் 2003-இலேயே முன்வைத்த முறை இது. விமானத்தில் மோதிச் சிதறும் பறவைகளை நம் கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்திலேயே இவ்வாறு இனங்கண்டிருக்கிறார்கள். விமானத்தில் மோதினால் பெயர் உண்டு, லாரியில் மோதினால் கிடையாதா?

4. என்னை மிகவும் வருத்துவது இதுதான். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, இறந்து கிடக்கும் காட்டுயிர் அரசின் சொத்து. அதை எடுத்தவர் 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். நான் தெரிவிக்கிறேன். மார்கழியில் ஒரு பக்கியின் எச்சத்தைக் காகித உறையில் இட்டு, நாள், இடம், நேரம் எழுதிச் சாவடிக்கு எடுத்துச் சென்றேன். "இதை யார் சார் வாங்குவது, தூக்கிப் போடுங்கள்" என்றார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உறை மேசையிலேயே கிடந்தது. மறுநாள் கேட்டால் குப்பையில் போய்விட்டதாம். தூக்கி எறிந்தால் ஆதாரம் போகிறது, வீட்டில் வைத்தால் நான் குற்றவாளி ஆகிறேன். அரசின் சொத்தை அரசே வாங்க மறுத்தால் நான் அதை யாரிடம்தான் கொடுப்பது? பிறகு ஆதாரம் எங்கே என்று என்னையே கேட்பது எந்த ஊர் நியாயம்?

5. வெயிலும் மழையும் பட்டால் மரபணு சிதைந்துவிடும். விடியலிலேயே எடுக்க வேண்டும்.

ஆகவே, சாவடியில் மாதிரி வாங்க ஒருவரைப் பொறுப்பாக்கி, மாதிரி கெடாமலிருக்கச் சில குப்பி எத்தனாலும் ஒரு குளிர்பெட்டியும் வைத்து, மாதந்தோறும் ஆய்வகத்திற்கு அனுப்ப உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். வேகத்தடையைப் பின்னர் பேசிக்கொள்ளலாம். முதலில் இப்படிக் கொண்டுவரும் உறையை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. அதை மட்டுமாவது செய்யுங்கள்.

சட்டத்தைக் கருதி, இம்மனுவுடன் இறகு எதையும் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்