ஃபியூஸ் போகவே போகாது என்றால் பயப்பட வேண்டும்

வீடுகளுக்கு சோலார் பேட்டரி அமைத்துத் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தவரும் உங்களில் ஒருவர்தான், பெயர் வேண்டாம். இரண்டு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள், 24 வோல்ட், 1600 வாட் இன்வெர்ட்டர். ஒரு நாள் ஃபிரிட்ஜும் மிக்சியும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓட, 63 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. வந்தார், 200 ஆம்பியர் ஒன்றைத் திருகினார். "இனி இது போகவே போகாது சார்" என்றார்.

சொன்னபடியே போகவில்லை. மூன்று வாரம் கழித்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது ஒரு தீய்ந்த வாடை. கம்பி நுனியில் மாட்டும் உலோகக் கொக்கியை, அதாவது லக்கை, ஒட்டிய சிவப்பு உறை பழுப்பேறி, விரல் வைத்தால் அமுங்கியது. கம்பி வெறும் 16 சதுர மில்லிமீட்டர். அதைக் காக்கத்தானே ஃபியூஸ்? 200 ஆம்பியர் வரை அது வாயைத் திறக்காது. அதற்குள் கம்பி எரிந்துவிடும்.

ஃபியூஸ் அளவுக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. 1600-ஐ 24-ஆல் வகுத்து 67 என்று நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. பேட்டரி இறங்கி 21 வோல்ட்டுக்கு வரும்போதுதான் மின்னோட்டம் ஏறும்: 76 ஆம்பியர். இன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 90. அதற்கு மேல் பாதுகாப்புக்குக் கால் பங்கு கூட்டினால் 112. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 125. கம்பி அந்த 125-ஐத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மாற்ற வேண்டியது கம்பியை.

அளவு சரியாக இருந்தாலும் ஃபியூஸின் வகை தவறாகிவிடலாம். பல வீடுகளில் பேட்டரி வழியில் வீட்டு மின்சாரத்துக்கான (ஏ.சி.) சாதாரண எம்.சி.பி.யை, அதாவது சுமை மீறினால் தானே அணையும் சுவிட்சைப் பார்க்கிறேன், வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சிறு அலைக்கோடு இருக்கும். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், மின்சாரத்தை அறுக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். பேட்டரி தரும் டி.சி. மின்சாரத்தில் அந்த இடைவெளியே கிடையாது. பேட்டரி ஷார்ட் ஆனால் மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும். லித்தியம் என்றால் இன்னும் மோசம். ஆகவே டி.சி. வோல்ட் அளவையும், எத்தனை ஆயிரம் ஆம்பியரை அறுக்கும் என்பதையும் பார்த்து வாங்குங்கள். 48 வோல்ட் அமைப்பில் கார் கடையின் 32 வோல்ட் ஃபியூஸ் வேண்டவே வேண்டாம். பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை.

ஃபியூஸ் கட்டையில் காப்பர் இழையை முறுக்கிச் சுற்றிய வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பில்லில் பேனல் வாட்டை எழுதுவதுபோல் கம்பியின் தடிமனையும் ஃபியூஸ் அளவையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து வருபவர் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக மாற்றாமல் இருப்பார்.

எங்கள் வீட்டில் இப்போது 50 சதுர மில்லிமீட்டர் கம்பி, 125 ஆம்பியர் ஃபியூஸ். பழைய கம்பியில் அந்த அரையடியை வெட்டி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்