கோழிப்பண்ணையில் கூளம் காயட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். ஓசூர் பக்கம் மாமாவின் பண்ணையில் இரண்டு வருடம் பிராய்லர் வளர்த்துவிட்டு, இப்போது பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். கொட்டகைத் தரையில் பரப்பும் உமி, மரத்தூள் போன்ற கூளம் நனைந்தால் அம்மோனியா கிளம்பிக் குஞ்சின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், அப்புறம் ஈ.கோலை என்ற நோய்க்கிருமி நுழைவது சுலபம். கூளத்தைக் கிளறிக் காயவைத்து, தண்ணீரில் குளோரின் கலந்து, ஒரு பேட்ச் விற்றதும் கொட்டகையைக் கழுவிச் சில நாள் காலியாகப் போட்டாலே பாதித் தொல்லை குறையும். அதைச் செய்யாமல் ஆன்டிபயாடிக் கலந்தோம். இன்றும் மனசு உறுத்துகிறது.

வேறு மருந்து எதுவும் கேட்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குத் தர மத்திய அரசு 2019-லேயே தடை விதித்துவிட்டது. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் விற்கும் கறியில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று அதிகாரிகள் அடிக்கடி சோதித்து, முடிவைக் கடை வாசலிலேயே ஒட்ட வேண்டும்.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு