வாங்காமல் விட்ட கோச்சி

நானுஓயா,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் மழை. மழை விட்டால் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தால் பேரன் மடியில். இன்றைக்குத்தான் எல்லாம் ஒத்து வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பிளேன்டீ. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு குடிக்கிற பழைய பழக்கத்தை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், அதனால் வெறும் தேத்தண்ணிதான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

மூர் மார்க்கெட் கதையை இத்தனை வருடம் எப்படி மறைத்து வைத்திருந்தாய்? தகர டப்பாவில் சாவி கொடுக்கிற ஹோர்ன்பி பொம்மை ரயில் எஞ்சின், இரண்டு பெட்டி, 45 ரூபாய் சொன்னான், நீ 30-க்குக் கேட்டாய், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நீயும் அடுத்த தடவை மெட்ராஸ் வரும்போது பார்க்கலாம் என்று வந்துவிட்டாய். 1985-இல் மார்க்கெட்டே எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் வந்து நிற்கிறது, அங்கே இறங்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்கிறேன். நீ பார்த்தது 1983-இல். இரண்டு வருடம் அந்த டப்பாவை ஒருவனும் வாங்காமல், தீ வரும்வரை அது அங்கேயே காத்துக்கொண்டிருந்தது என்று எப்படி முடிவு கட்டினாய்? அடுத்த வாரமே ஒரு அப்பா வந்து 40 ரூபாய்க்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அது இன்றைக்கும் ஒரு பரணில் கிடக்கும். ஆனால் உனக்கு அது எரிந்துபோனால்தான் நிம்மதி. இன்னொருத்தன் வீட்டில் இருக்கிறது என்று நினைக்க மனசு வராது. எனக்கும் அப்படித்தான், அதனால்தான் சட்டென்று கண்டுபிடித்தேன்.

என் கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். 1975. கம்பெனித் தேயிலைத் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்த வருடம். துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பங்களா வராந்தா முழுக்கச் சாமான், ஒவ்வொன்றிலும் விலை எழுதிய துண்டு. பங்களா அப்பு நம் இரண்டு பேரையும் பின்கதவால் உள்ளே விட்டார், ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் நீள்வட்டமாகத் தண்டவாளம். பச்சை எஞ்சின், பக்கவாட்டில் பெயர்ப்பலகை. சிவப்பும் கிரீமுமாக இரண்டு தகரப் பெட்டி. தண்டவாளத்தில் மூன்று கம்பி இருந்தது. "நம்ம கோச்சிக்கு ரெண்டு கம்பிதானே?" என்று நீதான் கேட்டாய், நமக்கு ரயில் என்றால் கோச்சிதானே. அப்புவுக்குப் பதில் தெரியவில்லை. ஸ்விட்சைத் திருப்பினார், அது கிளம்பியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, கனமான இரும்பு உருள்கிற சத்தம், இப்போது வரும் பிளாஸ்டிக் எஞ்சின்களில் அது கிடையாது.

பிறகு பல வருடம் கழித்துத்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. லிவர்பூலில் செய்த ஹோர்ன்பி டப்ளோ. எஞ்சின் டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ், 1953-க்குப் பிறகு வந்த பச்சை நிறம். நடுக்கம்பி வழியாகக் கரண்ட் ஏறும், ஓரக் கம்பிகள் வழியாகத் திரும்பும், 12 வோல்ட். 1959-இல் அவர்களே இரண்டு கம்பிக்கு மாறத் தொடங்கினார்கள். 1964-இல் கம்பெனியே போட்டிக்காரன் கைக்குப் போய்விட்டது. அன்றைக்கு உன் கேள்விக்கான பதில் இதுதான், ஐம்பது வருடம் பிந்திச் சொல்கிறேன்.

விலை 75 ரூபாய். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கரண்ட் இல்லாத லயத்துல கரண்ட் கோச்சியா?" என்றார். நியாயம்தான். நம் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குப்பி விளக்கு. மாவுக்கு வரிசையில் நின்று பாதி நாள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போன காலம் கழிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் 75 ரூபாய்க்குப் பொம்மை கேட்டவன் நான். ஆனால் பதின்மூன்று வயதில் நியாயம் யாருக்கு வேண்டும்? அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அப்பாவோடு எந்தச் சண்டை வந்தாலும் அடியில் அந்தச் சிரிப்புக் கிடந்தது.

உனக்குத் தெரியாத பாதி இதுதான். அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா சொன்னார். நான் கேட்டதற்கு மறுநாள் ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், வேலை முடிந்ததும் அப்பா பங்களாவுக்கு ஏறியிருக்கிறார். சட்டைப் பையில் 50 ரூபாய், கடைக்காரரிடம் கைமாற்று. மீதிக்குப் பேரம் பேசலாம் என்ற எண்ணம். ஸ்டோரில்தான் கரண்ட் இருந்ததே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மூலையில் வைத்து ஓட்டிக்கொள்ளட்டுமா என்று ஆலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம்கூடக் கேட்டு வைத்திருந்தாராம். போய்ப் பார்த்தால் மேசை காலி. காலையிலேயே நுவரெலியா வியாபாரி ஒருவர் கதிரை, அலுமாரியோடு சேர்த்து லொறியில் ஏற்றிவிட்டார். அப்பா திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமும் எங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாரா, மாவு வாங்கினாரா என்று அம்மாவுக்கு ஞாபகமில்லை.

அத்தனை வருடமும் ஆள் மாறிப் போன கோபம், மச்சான். அதைக் கேட்ட பிறகு வாங்காமல் விட்டதற்காக நான் வருந்துவது குறையவில்லை. கூடிவிட்டது. அதுவரை எனக்கு மட்டும் கிடைக்காத சாமான், அன்றிலிருந்து இரண்டு பேருக்குக் கிடைக்காத சாமான்.

அந்த 1975-க்கு அடுத்த வருடம் உங்கள் குடும்பம், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை அழ அழ ஏற்றிப் போன ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னாருக்குப் போனது. அந்தக் கோச்சியைப் பற்றி நீயும் நானும் எழுதிக்கொண்டதே இல்லை. இப்போதும் வேண்டாம்.

மற்ற நழுவல்கள் எல்லாம் என் கெட்டித்தனத்தால் வந்தவை. ஹட்டனில் பழைய சாமான் விற்கிறவரிடம் ஒரு தகர சிக்னல் கேபின், கூரையோடு, படிக்கட்டோடு. 200 ரூபாய் வித்தியாசத்தில் பேரம் முறிந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் இறங்கி வருவார் என்று போனேன். டீ குடித்துவிட்டு வந்தேன், கேபின் இல்லை. அது இப்போது ஒரு பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமில் இருக்கிறது. பல்லே வலிக்காமல் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

2022 கதை வேறு மாதிரி. அதற்கு முன் ஒரு கணக்குச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். நம் கோச்சியை யாரும் பெட்டியில் போட்டு விற்று நான் பார்த்ததில்லை. காரணம் தண்டவாள அகலம். இங்கே பெரிய பாதை ஐந்தரை அடி. கடையில் கிடைக்கும் டப்பிள் ஓ அளவுக்கு, அதாவது எழுபத்தாறில் ஒரு பங்குக்குச் சுருக்கினால், 22 மில்லிமீட்டர் வரவேண்டும். கடைத் தண்டவாளம் 16.5. இங்கிலாந்துப் பாதைக்கே அது ஒல்லி, நமக்கு எங்கே போதும்? வளைவும் அப்படித்தான். இந்த மலைப்பாதையில் ஐந்து செயின் வளைவுகள் உண்டு, ஏறக்குறைய 100 மீட்டர் ஆரம். கோச்சியே சிணுங்கிக்கொண்டு திரும்புகிற வளைவு அது. சுருக்கினால்கூட 1.3 மீட்டர். பொம்மைப் பெட்டியில் வருகிற வளைவுத் துண்டு அரை மீட்டருக்கும் குறைவு. எல்லயில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் மட்டும் மேசைக்கு அடங்கும்: 91 மீட்டர் பாலம் 1.2 மீட்டராகிவிடும், உயரம் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட. ஆனால் பாலத்தை வைத்துவிட்டு அடுத்த வளைவுக்கு ஹோல் சுவரை இடிக்கவேண்டும். வீட்டில் பேசிப் பார்த்தேன். பேச்சு நீளவில்லை.

உனக்குக் கவலையில்லை. உன் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், பழைய பல்சக்கர எஞ்சின் சுவிஸ்காரன் செய்தது. மீட்டர் கேஜ் பொம்மை செய்கிறவர்களும் சுவிஸ் மலைகளை வைத்துத்தான் செய்கிறார்கள். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கும்.

அதனால் நான் சின்னப் பாதைக்கு வந்தேன். இங்கே நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன இரண்டரை அடிப் பாதை. 1903-இல் தொடங்கி 1948-இல் மூடிவிட்டார்கள். தாத்தா அதில் போயிருக்கிறார், ஏற்றத்தில் இறங்கி நடந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்பார். (தாத்தா சொன்னதில் பாதியைத் தள்ளிவிடு.) இரண்டரை அடியைச் சுருக்கினால் 10 மில்லிமீட்டர். கடையில் 9 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே, கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குத் தோதாக பாக்மன் கம்பெனியின் சின்ன பால்ட்வின் எஞ்சின் ஒன்று. முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குச் சாமான் ஏற்றிய எஞ்சின், ராகலைப் பாதையில் ஓடியதல்ல, ஆனால் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் சாயல் வரும். லண்டனில் இருக்கிற மருமகனின் அண்ணன் வாங்கி அனுப்பத் தயார். 120 டொலர் அளவில். 2022 பெப்ரவரியில் டொலர் 200 ரூபாய், ஆக 24,000. அடுத்த மாதப் பென்ஷன் வரட்டும் என்றேன். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். மே மாதம் டொலர் 360. அதே எஞ்சின் 43,000.

ஆனால் இதை நழுவவிட்டது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த 24,000 கையில் இருந்ததால்தான் மண்ணெண்ணெய்க்கும் பேரனின் பால்மாவுக்கும் வரிசையில் நிற்கவாவது முடிந்தது. வாங்கியிருந்தால் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்திருப்போம். வீட்டில் அதை வருடக்கணக்கில் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

அப்புறம், வாங்கி வருந்திய கதையும் ஒன்று உண்டு. கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் போருக்கு முந்திய ஹோர்ன்பி எஞ்சின். கேட்ட விலையைக் கொடுத்துத் தூக்கி வந்தேன், ஹட்டன் பாடம்தான். மூன்றே வருடத்தில் பக்கத் தகட்டில் மயிர்க்கோடு, பிறகு சக்கர விளிம்பு, பிறகு தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பில் ஈயமோ தகரமோ கொஞ்சம் கலந்துவிட்டால் இப்படி உள்ளிருந்தே வீங்கி வெடிக்குமாம், ஈரம் அதை முடுக்கிவிடும். நானுஓயா பனிக்குக் கேட்கவா வேண்டும்? மருந்து கிடையாது. பெட்டியில் பொடியாக வைத்திருக்கிறேன். கொட்ட மனசில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள், அங்கே மூன்று கம்பித் தண்டவாளத்தோடு ஒரு பச்சை எஞ்சின், பெயர்ப்பலகையில் மாண்ட்ரோஸ் என்று இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதை நாலாம் பக்கத்தில், முழங்கால் தைலத்துக்கும் மகள் வீட்டுக் கல்யாணத்துக்கும் நடுவில் எழுதியிருக்கிறாய். உனக்கு எது முக்கியம் என்பதே தெரியாது.

விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அதில் என் லட்சணம் மேலே இருக்கிறது. போகும்போது 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் இரண்டு துண்டு வயரும் கொண்டு போ. எஞ்சினைக் கவிழ்த்தால் அடியில் நடுவே ஒரு தகடு இருக்கும், நடுக்கம்பியைத் தொடுகிற தகடு. ஒரு வயர் அதில், மற்றது சக்கரத்தில். சக்கரம் முனகினால் போதும், சுற்றவேண்டும் என்றில்லை. எண்ணெய் காய்ந்திருக்கும். யாராவது காந்தத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்றால் விடாதே, கழற்றினால் பலம் குறைந்துவிடும். வார்ப்பில் மயிர்க்கோடு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார். போருக்குப் பிந்தியது என்பதால் அநேகமாக இருக்காது.

இன்னொன்று. அதுவாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரே அச்சில் எத்தனையோ வார்த்துத் தள்ளியிருப்பார்கள், அதில் ஒன்று குன்னூருக்கும் வந்திருக்கும். ஆனாலும் இங்கேயிருந்து அங்கே மாறிப் போன துரைமார் உண்டு, அங்கேயிருந்து வந்த வியாபாரிகளும் உண்டு. அன்றைக்கு அப்பு நம்மிடம் காட்டினாரே, துரை மகன் மேசையிலிருந்து கீழே தள்ளிவிட்டான் என்று? எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரிப் பெட்டி, அதன் பின்பக்கம், வலது பஃபர், இடி தாங்குகிற அந்தக் குமிழ், உடைந்து வெறும் துளைதான் இருந்தது. நீ அதில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாய்.

விலை பேசுவதற்கு முன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுது. கடிதம் வேண்டாம், போனிலேயே சொல்.

உன்,
கோச்சிப் பைத்தியம்