யாழ்ப்பாணத்துக்கு வரும் விடுதி நிறுவனங்களின் பணிப்பாளர் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். 2014இல் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. 2016இல் யாழ்ப்பாண நகரின் மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங் நிறுவனம் தன் விடுதியைத் திறந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நாட்டின் பெரிய விடுதி நிறுவனங்கள் வடக்கை நோக்குவதில் வியப்பில்லை, அதை நான் எதிர்க்கவுமில்லை. நான் எழுதுவது, நீங்கள் வளரும் முறை பற்றியே.

இன்று ஒரு விடுதி நிறுவனம் வளர்வதற்குக் காணி வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. இன்னொருவர் கட்டியதை முகாமைத்துவ உடன்படிக்கையின் கீழ் ஏற்று, தன் பெயரையும் முன்பதிவு வலையமைப்பையும் தந்து, மொத்த வருமானத்தில் ஒரு வீதத்தை அடிப்படைக் கட்டணமாகவும், தொழிற்பாட்டு இலாபத்தில் ஒரு பங்கை ஊக்கக் கட்டணமாகவும் அது பெற்றுக்கொள்கிறது. வங்கிக் கடனும் கட்டடப் பராமரிப்பும் உரிமையாளருடையவை. உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இங்கே அந்த உரிமையாளர் பெரும்பாலும் புலம்பெயர்ந்து உழைத்த பணத்தைப் பூர்வீகக் காணியில் போட்டவராக இருப்பார். விடுதி நடத்தி அறியாதவர், உங்கள் வரைபில் கையொப்பமிடுபவர். ஆகவே கிணறும் கழிவுநீரும் அவர் தலையில் விழுகின்றன. அவற்றை நாளாந்தம் பயன்படுத்துபவர்களோ நீங்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குவதே எங்கள் நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும்; மலக்குழியிலிருந்து கசிவது வெடிப்புகளின் வழியே அயலவர் கிணற்றைச் சென்றடையும். சுன்னாகத்துக் கிணறுகளில் மின் நிலையத்தின் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டதை நீங்களும் அறிவீர்கள். போதாததற்கு, உங்கள் அறைகள் நிரம்புவது நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையிலும், அதாவது மழைக்கு முன் கிணறுகள் மிகத் தாழ்ந்திருக்கும் ஆடி, ஆவணியில். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்குகிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். அது வீடுகளின் குடிநீர்த் தேவைக்காக அமைக்கப்பட்டது. நீச்சல் தடாகங்களுக்காக அல்ல.

எனவே நாளொன்றுக்கு இறைக்கக்கூடிய நீரின் உச்ச அளவும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பை இயக்கும் கடமையும் உடன்படிக்கையிலேயே உங்கள் பொறுப்பாக எழுதப்பட வேண்டும். அயற்கிணறுகளின் நீர்ப் பரிசோதனைச் செலவு, உரிமையாளருக்குப் பங்கு பிரிப்பதற்கு முன்னரே கழிக்கப்படும் உங்கள் அடிப்படைக் கட்டணத்திலிருந்து ஒதுக்கப்பட வேண்டும். முடிவுகள் பிரதேச சபையின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படட்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒன்று மட்டும். எங்கள் பிள்ளைகளை அறை துப்புரவுக்கும் பரிமாறலுக்கும் எடுத்துக்கொண்டு, முகாமையாளரைக் கொழும்பிலிருந்து அனுப்பும் பழக்கம் எத்தனை ஆண்டுகளுக்குள் முடியும் என்பதையும் அதே ஆவணத்தில் எழுதுங்கள்.

நிபந்தனைகளை இறுக்கினால் முதலீடு வராது என்போர் எம்மிடையேயும் உண்டு. அந்த அச்சம் எனக்கில்லை. நீர் உவரான இடத்தில் எந்த நிறுவனமும் நெடுநாள் தங்காது என்பது உங்கள் கணக்காளர்களுக்கும் தெரியும். இப்போது பேச்சில் உள்ள உடன்படிக்கைகளில் நீர் பற்றிய பிரிவுகளைக் கையொப்பமிடுவதற்கு முன்னரே தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணவாசி ஒருவர்