கைக்குழந்தைக்குப் பாட அட்டவணை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிறந்தது முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ப்பு பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவரின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. கட்டுரையோடு சேர்த்துத் தரப்பட்டிருந்த அட்டவணைதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. அதில் ‘அறிவு வளர்ச்சி’ என்று ஒரு பக்கமும் ‘மன வளர்ச்சி’ என்று மறுபக்கமும் நடுவே கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் பக்கத்தில், தினமும் கால் மணி நேரம் எழுத்தட்டை காட்டுவது, வேற்றுமொழிக் காணொளி போடுவது, மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கச் செய்வது. மறுபக்கத்தில், அழுதவுடன் தூக்கினால் குழந்தை அடம் பழகிவிடும் என்பதால் சற்று நேரம் அழவிட்டுப் பார்ப்பது. மழலையர் வகுப்பில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். குழந்தை உளவியல் ஆய்வுகளை இன்றும் விடாமல் படித்து வருகிறேன். என் கருத்தில் அந்த நடுக்கோடே தவறு. முதல் சில ஆண்டுகளில் குழந்தை சிந்திக்கப் பழகுவதெல்லாம் யாரோ ஒருவருடைய மடியில் இருந்துகொண்டுதான். அந்த உறவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அறிவை மட்டும் தனியே ஊட்டிவிட முடியாது.

பிறந்த குழந்தையின் மூளை எடையில் வளர்ந்தவர் மூளையின் ஏறத்தாழக் கால் பங்குதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கு அளவை எட்டிவிடுகிறது. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் பெற்றோரைப் பதற வைக்கிறார்கள். பதறியவர்களிடம் அட்டைகளையும் காணொளிகளையும் விற்பது எளிது என்பது வேறு கதை. ஆனால் அந்த வளர்ச்சிக் காலத்தில் குழந்தை எதை நாடுகிறது என்று பார்க்க வேண்டாமா? 1980ஆம் ஆண்டு ஆன்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாள் நிறையாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்து, அவை சப்பும் விதத்துக்கு ஏற்ப ஒரு பெண் குரல் ஒலிக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். அக்குழந்தைகள் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டு, அயலார் குரலைவிடத் தம் தாயின் குரலையே அதிகம் வரவழைத்தன. ‘இப்படிச் செய்தால் இது நடக்கும்’ என்ற காரண காரிய அறிவின் முதல் பாடத்தைக் குழந்தை படிக்கிறது, எதற்காக? பழகிய ஒரு குரலைக் கேட்பதற்காக.

தாய் அறையை விட்டுப் போனதும் எட்டு, ஒன்பது மாதக் குழந்தை வீறிட்டு அழுவதைக் கட்டுரை ‘அடத்தின் தொடக்கம்’ என்கிறது. இதைத்தான் நான் மிகவும் மறுக்கிறேன். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜே தம் மூன்று பிள்ளைகளையே பல ஆண்டுகள் அருகிலிருந்து கவனித்துக் குறித்து வைத்த செய்திகளுள் ஒன்று, குழந்தை கண்ணெதிரே ஒரு பொம்மையைத் துணியால் மூடினால் என்ன செய்கிறது என்பது. ஐந்தாறு மாதக் குழந்தை, பொம்மையே இல்லாமல் போய்விட்டதுபோல வேறு பக்கம் திரும்பிவிடும். எட்டு மாதத்தை ஒட்டித்தான் துணியை விலக்கித் தேடத் தொடங்கும். கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் உறுதிப்படுகிறது என்று அவர் கருதினார். 1987இல் ரெனே பாய்ஜோன் வெளியிட்ட ஆய்வு இதைத் திருத்தியது: பெட்டி ஒன்று மறைந்திருக்கும் இடத்தின் ஊடாகத் திரை தடையின்றிச் சாய்வதுபோல் ஒரு காட்சியைக் காட்டியபோது, நான்கரை மாதக் குழந்தைகளே, நடக்கக் கூடாதது நடந்ததுபோல, அதை நெடுநேரம் பார்த்தன, மறைந்த பெட்டி அங்கேயே இருப்பதாக அவை எதிர்பார்த்தன என்பது அதன் பொருள். ஆக, அறிவு முந்தியே அரும்பிவிடுகிறது. கையை நீட்டித் தேடும் அளவுக்கு அது முற்றுவதற்குத்தான் எட்டு மாதம் ஆகிறது.

அதே எட்டாம் மாதத்தை ஒட்டித்தான் குழந்தை ‘முகம் அறிய’ ஆரம்பிக்கிறது. புதியவர் தூக்கினால் உதட்டைப் பிதுக்குகிறது. தாய் எழுந்து போனால் வாசலைப் பார்த்து அழுகிறது. காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணை விட்டு மறைந்தவள் வேறெங்கோ இருக்கிறாள் என்று தெரியாத குழந்தைக்கு அவளைத் தேடி அழவும் தெரியாது. அந்த அழுகையில் நினைவு இருக்கிறது, ஒப்பீடு இருக்கிறது, இல்லாத ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் இருக்கிறது. எழுத்தட்டை எதுவும் வெளிக்கொணர முடியாத ஒரு சிந்தனைச் சாதனையை, பாவம், அந்தக் குழந்தை நமக்குச் செய்து காட்டுகிறது. நாமோ அதற்கு ‘அடம்’ என்று பெயர் சூட்டுகிறோம்.

அடம் என்பது பிறரை ஆட்டிவைக்கும் திட்டம் என்றால், அதற்கு முதலில் பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெப் பெர்னர் ஆகியோர் ஒரு கதையை வைத்து இதைச் சோதித்தார்கள். சிறுவன் ஒருவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத வேளையில் தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். சிறுவனுக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்திருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல ஏறத்தாழ நான்கு வயதாக வேண்டியிருக்கிறது. அழுதால் ஆள் வருவார் என்பதை ஒன்பது மாதக் குழந்தை கற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான், அது கற்கவும் வேண்டும். ஆனால் அதைச் சூழ்ச்சி என்பது நம்முடைய மனத்தை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பது.

‘கைக்குப் பழக்கிவிட்டாய்’ என்று இளம் தாய்மாரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் பழையது. அறிவியலின் பெயரிலும் அது சொல்லப்பட்டதுண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட வளர்ப்பு நூலில், குழந்தையை அணைக்கவோ முத்தமிடவோ கூடாது, காலையில் கைகுலுக்கினால் போதும் என்றே எழுதினார். ஆனால் குழந்தைகளின் வீடுகளுக்கே போய் முதல் ஓராண்டு முழுவதும் கவனித்த சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வர்த் ஆகியோர் 1972இல் இதற்கு நேர்மாறான செய்தியைத் தந்தார்கள்: தொடக்க மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன. கவனிக்கப்பட்ட குழந்தைகள் 26 மட்டுமே. கணக்கிட்ட முறை பற்றிப் பின்னர் வாதங்களும் எழுந்தன. ஆகவே இந்த ஒரே ஆய்வை வைத்துச் சட்டம் போட மாட்டேன். எனினும், தூக்கினால் கெட்டுப்போகும் என்ற கட்டுரையாளரின் கூற்றுக்கு இந்த அளவு சான்றுகூட அக்கட்டுரையில் தரப்படவில்லை.

ஒவ்வொரு சிணுங்கலுக்கும் நொடியில் ஓட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். எட்வர்ட் டிரானிக் 1978இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையுடன் முகம் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சொல்லி வைத்தபடி சில நிமிடம் முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், கைகால்களை ஆட்டும். எதற்கும் பதில் வராதபோது சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதிலை எதிர்பார்க்கும் அளவுக்கு அந்தச் சின்ன வயதிலேயே அதற்கு ஒரு கணக்கு உண்டு என்பது அதில் தெரிந்தது. அதே டிரானிக்கின் பிற்கால வேலை இன்னொன்றையும் காட்டியது: நல்ல உறவில் இருக்கும் தாயும் குழந்தையும்கூட, சேர்ந்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவருக்கொருவர் இசைந்திருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பச் சரிசெய்வதும்தான். தவறியதைச் சரிசெய்ய முடியும் என்பதையே குழந்தை அங்கே படிக்கிறது. குற்ற உணர்வில் வாடும் தாய்மார்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

முன்பு குறிப்பிட்ட ஐன்ஸ்வர்த், 1950களில் உகாண்டாவில் கைக்குழந்தைகளைக் கவனித்துவிட்டுப் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அமைத்த சோதனை முறை புகழ்பெற்றது. ஓராண்டு வயதை ஒட்டிய குழந்தையும் தாயும் பொம்மைகள் நிறைந்த அறிமுகமில்லாத அறையில் இருப்பார்கள். புதியவர் ஒருவர் வருவார். தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புவார். குழந்தை அழுகிறதா என்பதைவிடத் தாய் திரும்பும்போது அது என்ன செய்கிறது என்பதையே ஐன்ஸ்வர்த் முக்கியமாகப் பார்த்தார். பிணைப்பு உறுதியான குழந்தை தாயிடம் போய் ஒட்டிக்கொண்டு, அமைதியடைந்து, மறுபடி பொம்மைகளை நோக்கித் தவழ்ந்துவிடும். பொம்மையைத் திருப்பிப் பார்ப்பது, தட்டுவது, வாயில் வைப்பது, உருட்டிவிட்டு எங்கே போகிறது என்று பார்ப்பது ஆகிய ஆராய்ச்சியெல்லாம் முதுகுக்குப் பின்னால் தாய் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் நடக்கின்றன; அந்த நம்பிக்கை குலைந்தால் ஆராய்ச்சியும் நின்றுவிடுகிறது. அட்டவணையின் இரு பக்கங்களும் ஒரே அறையில், ஒரே நிமிடத்தில் கலந்து கிடப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

தாய் போனாலும் வந்தாலும் பொருட்படுத்தாமல் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளும் அங்கே இருந்தன. பார்ப்பவர்கள் ‘சமர்த்து’ என்று சொல்லக்கூடிய குழந்தைகள். ஆனால் 1977இல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் ஆகியோர் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாகத் தோன்றிய இக்குழந்தைகளின் உள்ளே அமைதி இல்லை என்பது தெரிந்தது. என் வகுப்பிலும் சேர்ந்த முதல் நாளில் கதவைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகளைவிட, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மூலையில் பொருள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளிடமே நான் முதலில் போய் உட்காருவேன்.

எழுத்தட்டை, காணொளி, இசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செவ்வியல் இசை அறிவைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு மூலமாகச் சொல்லப்படும் 1993ஆம் ஆண்டு ஆய்வு, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்யப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்த சிறு பயனும் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. வேற்றுமொழிக் காணொளியைப் பொறுத்தவரை, பட்ரிசியா கூல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு போதும்: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாத வயதில், சீன மொழி பேசும் ஒருவர் நேரில் அமர்ந்து விளையாடிக் கதை படித்த 12 அமர்வுகளில் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியப் பழகின. அதே மனிதர்களின் அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிறையும் வரை திரை முன் உட்கார வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

உறவு முற்றிலும் அற்றுப்போனால் அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ருமேனியா சான்று. 1989இல் அங்கு ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் வளர்ந்துகொண்டிருந்தது உலகுக்குத் தெரியவந்தது. அங்கே முறைவைத்து மாறி மாறி வரும் பணியாளர்கள் இருந்தார்கள். இன்ன குழந்தைக்கு இன்னார் என்று எவரும் இல்லை. 2000ஆம் ஆண்டு புகாரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வில் இத்தகைய 136 குழந்தைகளில் பாதிப் பேர், குலுக்கல் முறையில், வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண்கள், இல்லத்திலேயே இருந்தவர்களுடையதைவிட உயர்ந்தன. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. அங்கே எவரும் எழுத்தட்டை தரவில்லை, ஆளைத் தந்தார்கள். இரண்டு வயது தாண்டினால் கதவு சாத்தப்பட்டுவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. பிந்திச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் பயன் கிடைத்தது, அளவுதான் குறைந்தது.

இவ்வளவையும் தாய் ஒருத்தியின் தலையில் கட்டிவிடும் ஆபத்து இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையை, வேலைக்குப் போகும் பெண்களுக்கு எதிராகப் பலர் பயன்படுத்தினார்கள். ஆனால் அதிலேயே அவர், தாய் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர் என்றுதான் எழுதினார். 1964இல் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் ஆகியோர் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தந்தை, பாட்டி, தாத்தா, அண்டை வீட்டார் என ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பிணைப்புக் கொண்டிருந்தன. உணவூட்டுபவரைவிடத் தம் சைகைக்குப் பதில் தருபவரையே நாடின. காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், சுவரில் எத்தனை படங்கள் ஒட்டியிருக்கின்றன என்று பார்ப்பதைவிட, ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள், நாளை வந்தாலும் அதே ஆள் இருப்பாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது. ஒரே பராமரிப்பாளர் ஆண்டு முழுவதும் நிலைத்திருக்க வேண்டுமானால் அவருக்கு அதற்குரிய ஊதியமும் வேண்டும். இது பெற்றோரின் கையில் மட்டும் இருப்பதில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அழவிட்டுப் பார்க்கும் அறிவுரைக்கு அக்கட்டுரையில் வயது வரம்புகூடக் குறிப்பிடப்படவில்லை. இரண்டு மாதக் குழந்தையை வைத்திருக்கும் ஒரு தாயோ தந்தையோ அதைப் படித்துவிட்டுத் தொட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடும். பசி, வலி, காய்ச்சல் எதையும் அந்த வயதில் குழந்தை அழுதுதான் தெரிவிக்க முடியும். எனவே அந்த வரிக்கு மட்டுமாவது, வரும் ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், ஒரு குழந்தை மருத்துவரைக் கேட்டு விளக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்