பாடக்குறிப்பின் அந்த ஒரு வரியை மாற்றித் தாருங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போதே வகுப்புகளை ஆராய்ந்து கையாளும் ஜாவா வசதி) வழியாகப் பொருள் உருவாக்கும் பாடத்தில், 'கிளாஸ்' என்னும் ஜாவா வகுப்பு தரும் நியூஇன்ஸ்டன்ஸ் முறையையே, பாடக்குறிப்பின் ஒரு வரிப்படி, நாம் இன்னும் கற்பித்து வருகிறோம். 2017இல் வெளிவந்த ஜாவா 9, அதனை இனிப் பயன்படுத்த வேண்டாமென்று குறித்துவிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். நான் இரண்டு தடவை எழுதியும் பாடக்குறிப்பு மாறவில்லை. சென்ற மாதச் செய்முறைப் பரீட்சைக்குப் பிறகும் பேசாமலிருக்க என்னால் இயலவில்லை.

பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வரும் மாணவியொருவர், கொழுந்து நிறைப் பதிவுகளைக் கோப்பிலிருந்து வாசிக்கும் வகுப்பொன்றை எழுதியிருந்தார். பொருள் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே கோப்பு திறக்கப்படும். பரீட்சைக் கணினியிலோ அந்தக் கோப்பு இருக்கவில்லை. பாடக்குறிப்பு சொன்ன இரண்டு எக்ஸெப்ஷன்களையும் (நிரல் ஓடும்போது எழும் பிழை அறிவிப்புகள்) அவர் பிடித்திருந்தும், கோப்பு இல்லையென்னும் ஃபைல்நாட்ஃபவுண்ட் எக்ஸெப்ஷன் இரண்டிலும் அகப்படாமல் நிரலை நிறுத்திவிட்டது. அதைப் பிடிக்கவும் ஒரு கேட்ச் பகுதி எழுதினார். அந்தக் கேட்ச் கண்காணிக்கும் ட்ரை பகுதிக்குள் அப்படியொரு எக்ஸெப்ஷன் எழவே எழாதென்று, நிரலை ஓட்டுமுன் சோதிக்கும் கம்பைலர் மறுத்தது. எல்லா எக்ஸெப்ஷன்களையும் பொதுவாகப் பிடிக்காதீர்கள் என்று நாமே கற்பித்திருந்ததால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. கண்ணெதிரே எழுந்ததை இல்லையென்று கணினி சொல்ல, மிகுதி நேரம் முழுவதும் அவர் தன் பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிழை அவருடையதன்று. கன்ஸ்ட்ரக்டர் எறியும் எக்ஸெப்ஷனை 'கிளாஸ்' தரும் நியூஇன்ஸ்டன்ஸ் முறை அப்படியே வெளியே விட்டு, கம்பைலரின் சோதனையைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பதிலாக, கெட்டிக்ளேர்ட்கன்ஸ்ட்ரக்டர் என்ற முறை மூலம் பெற்ற கன்ஸ்ட்ரக்டரின் நியூஇன்ஸ்டன்ஸை அழைத்திருந்தால், அதே எக்ஸெப்ஷன் இன்வொகேஷன்டார்கெட் எக்ஸெப்ஷனுக்குள் பொதிந்து வந்திருக்கும். பிடிக்கவும் காரணம் அறியவும் வழி இருந்திருக்கும். தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள்.

மாற்றும்போதே, அளவுருவுள்ள கன்ஸ்ட்ரக்டரை எழுதியவுடன் ஜாவா தானாகத் தரும் அளவுருவில்லாத வெற்றுக் கன்ஸ்ட்ரக்டர் இல்லாமற் போவதையும், இன்ட் (அடிப்படை முழு எண் வகை) கேட்கும் கன்ஸ்ட்ரக்டரை இன்டிஜர் (அதன் வகுப்பு வடிவம்) என்று தேடினால் கிடைக்காததையும் சேர்த்துவிடுங்கள். ரிஃப்ளெக்‌ஷனில் இவற்றைக் கம்பைலர் காட்டிக்கொடுப்பதில்லை. நிரல் ஓடும்போதுதான் தெரியவருகின்றன. நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலோ அயலிலோ கேட்டறிய ஒருவர் இருக்கக்கூடும். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் தாள்தான் வேதவாக்கு. அதிலேயே பிழையை அச்சிட்டுக் கொடுத்து, அதற்காகப் புள்ளியையும் குறைப்பது எந்த வகையில் நியாயம்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த அணி மாணவர்கள் வருவதற்குள் அந்த வரியை மாற்றி, அந்த மாணவியின் விடையையும் மீள மதிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜாவா பாட விரிவுரையாளர்,
ஹட்டன்.